நீங்கள் ஊற்றிக் கொடுத்த மருந்து

அன்புள்ள அத்தைக்கு,

வழக்கம் என்பதால்தான் 'அன்புள்ள' என்று எழுதுகிறேன். நீங்கள் போய்ச் சேர்ந்து மூன்று வருஷமாகிறது. மருமகள் அழ வேண்டிய அழுகையை அன்றைக்கே அழுதுவிட்டேன், ஊரும் பார்த்தது. அப்போது சொல்லாமல் விட்டதை இப்போது சொல்கிறேன்.

உங்கள் பேத்தி செல்லம் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். வந்த அன்றே என்னிடம் சொல்லிவிட்டாள்: "சாராய வாசனையோட எம்புள்ளையத் தூக்கக் கூடாதும்மா. தூக்க விட மாட்டேன்." பெற்ற மகள் வாயால் இதைக் கேட்பது எப்படி இருக்கும், அத்தை? நீங்கள் இருந்து கேட்டிருக்க வேண்டும்.

மலேயாவில் ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவள் நான். சம்பள நாளில் அங்கே கள்ளுக்கடையில் பெண்களும் நிற்பார்கள். கைப்பிள்ளையோடு நிற்பவர்களும் உண்டு, அதை நான் மறைக்கவில்லை. என் அம்மா அந்தப் பக்கம் போனதில்லை, எங்களையும் விட்டதில்லை. உங்கள் மகனுக்கு வாழ்க்கைப்பட்டுக் கப்பலில் வந்து இறங்கியபோது கள்ளின் ருசியே எனக்குத் தெரியாது. உங்களுக்கோ சந்தேகப்பட நான் வந்த ஊரே போதுமாக இருந்தது. தண்ணீர் எடுத்துவிட்டுத் திரும்பினால்கூட "எங்க, ஊது பாப்போம்" என்பீர்கள்.

செல்லம் பிறந்த மூன்றாம் நாள் சுக்கும் மிளகும் இடித்துப் போட்டுச் சாராயம் கொண்டுவந்தீர்கள். மதுவிலக்கு வந்த புதிது. காட்டில் காய்ச்சியதை வாங்கி நெல்லுக்குள் புதைத்து வைத்திருந்தீர்கள். "இது மருந்து. பச்ச ஒடம்புக்காரி குடிச்சுத்தான் ஆகணும். மூக்கப் புடிச்சுக்கிட்டு முழுங்கு." முழுங்கினேன். நாற்பது நாளும் முழுங்கினேன். அடுத்த பிரசவத்திலும் அப்படியே. அதற்குப் பிறகு உடம்பு தானாகக் கேட்க ஆரம்பித்தது. நெல்லைத் தோண்ட எனக்கும் கை இருந்ததே. வாயுவலி என்று சொல்லிக்கொண்டு நீங்களும் குடித்தீர்கள். ஒரே வீட்டில் ஒருத்திக்கு ஒருத்தி தெரியாததுபோல இருந்தோம்.

தாலுகாவிலிருந்து நர்ஸம்மா நோட்டோடு வந்தது நினைவிருக்கிறதா? "பிள்ளை பெறுற வயசுல யாராச்சும் குடிக்கிறாங்களா, பெரியம்மா?" என்று கேட்டார்.

"எங்க ஊருப் பொம்பளைக அதத் தொடுவாகளா? இந்தா நிக்கிறாளே, கடலுக்கு அங்கிட்டுருந்து வந்தவ. இவளக் கேளுங்க."

கொஞ்சம்கூடக் கூசாமல் சொன்னீர்கள். உங்கள் மகள் ராக்கம்மா பிள்ளை பெற்று உள்ளே படுத்திருந்தாள், அந்த அறையே சாராயம் நாறியது. நர்ஸம்மா மூக்கைச் சுளித்துக்கொண்டு என்னைத்தான் பார்த்தார். "மலேயாக்காரங்களுக்கு அது பழக்கந்தான்" என்று என் பேரை மட்டும் எழுதிக்கொண்டு போனார். அன்றிலிருந்து ஊருக்கு நான் குடிகாரி. உள்ளே ஒருத்தி படுத்திருக்கிறாள், அவளையும் எழுதுங்கள் என்று எனக்கு ஏன் வாய் வரவில்லை? யாருக்குப் பயந்தேன்?

இன்று காலை ராக்கம்மா இலுப்பூரிலிருந்து பஸ் ஏறி வந்தாள். முந்தானைக்குள் ஒரு பாட்டில். "ஆத்தா குடுக்குமே, அந்த மருந்து, மதினி. புள்ள பெத்ததும் செல்லத்துக்கு வேணும்ல."

வாங்கிக்கொண்டுபோய்க் கொல்லையில் எருக்குழியில் கவிழ்த்தேன்.

"என்ன மதினி, கிறுக்குப் புடிச்சிருச்சா ஒனக்கு?" என்று பின்னாலேயே ஓடி வந்தாள். "ஒங்க ஆத்தா புடிக்க வச்ச கிறுக்கு" என்றேன். கோபித்துக்கொண்டு சாப்பிடாமலே போய்விட்டாள். போகட்டும்.

ஆனால் கவிழ்க்கும்போது விரலில் கொஞ்சம் வழிந்தது. நக்கிவிட்டேன். செல்லம் வந்ததிலிருந்து பன்னிரண்டு நாள் தொடாமல் இருந்தேன், எல்லாம் போயிற்று. நிமிர்ந்தால் அவள் கொல்லை வாசலில் நிற்கிறாள். திரும்பி உள்ளே போய்விட்டாள்.

பிள்ளை பிறக்க இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. நாளையிலிருந்து மறுபடியும் தொடாமல் இருந்து பார்க்கிறேன். எத்தனை தடவை தவறினாலும் மறுநாள் மறுபடி தொடங்குவேன், அந்தப் பிள்ளையை என் கையில் வாங்குவேன். இது உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு. உங்களை மன்னிப்பதைப் பற்றி இப்போது கேட்காதீர்கள். முதலில் செல்லம் என்னை மன்னிக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் குடிக்கப் பழகிய
மூத்த மருமகள்