அம்மாவுக்கு ஒரு மரக்குவளை

நவ. 6, செவ்வாய்
இல்லை, மருந்தில்லை. வெறும் குவளை. பக்கத்து அறைச் சாந்தி அக்காவிடம் அப்படித்தான் சொன்னேன். யாழ்ப்பாணக் கப்பலில் மருந்து ஏற்ற அனுமதிக் கடிதம் வேண்டும். குவளைக்கு வேண்டாம்.
மழை. கொழும்பு வெள்ளவத்தை முழுக்க ஈரத் துணி நாற்றம்.
கொத்தல ஹிம்புட்டு என்ற மூலிகைக் கொடியின் கட்டையில் கடைந்தது. அம்மாவின் சீனி வருத்தத்துக்கு, நீரிழிவுக்கு. "நங்கி, ரெட்ட வத்துர தாலா உதேட்ட பொன்ன," என்றார் கடைக்காரர். இரவில் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிக்கவாம்; ஊறிய தண்ணீர் தேயிலைச் சாயம். இரண்டு வாங்கினேன். ஏன் இரண்டு?

நவ. 8, வியாழன்
சாந்தி அக்கா அம்மாவின் குவளையோடு ஊருக்குப் புறப்பட்டார்.
"சோதனையில கேட்டா?"
"பல்லு மினுக்கிற கப் எண்டுவன். கொம்மாவுக்குப் பல்லு இருக்குத்தானே?"
மெலிந்த சுவர். இனி அந்தப் பக்கம் இருமல்கூட இல்லை.

நவ. 25, ஞாயிறு
அம்மா ஊரில் சந்திக் கடைக்குப் போன் கதைக்க வந்திருந்தார். மூன்று நிமிடம்.
"கப் வந்தது பிள்ளை. நினைவு வந்தாக் குடிக்கிறன்."
"ஒவ்வொரு நாளும் காலமை ஆறு மணிக்குக் குடியுங்கோ. நானும் இஞ்ச குடிப்பன்."
"உனக்கென்னடி வருத்தம்?"
"ஆறு மணி, அம்மா," என்றேன்.
"சரி, ஆறு மணி. டொக்டர் தந்த சீனிக் குளிசையும் விடேல்லை. ரெண்டும் சேந்தாக் கெதியா மாறும்."

நவ. 26
ஆறு மணி. குடித்தேன். மரவாசம், லேசான துவர்ப்பு. அங்கும் ஆறு. ஊரை விட்டு வந்த இரண்டு வருடத்தில் முதல் தடவை ஒன்றாக ஏதோ.

நவ. 27, செவ்வாய்
தடிமன், மூக்கடைப்பு. டொக்டரிடம் போனேன். பேச்சோடு பேச்சாகக் குவளைக் கதை. எழுதிக்கொண்டிருந்த பேனையை வைத்தார்.
"குளிசையோட அதையும் குடிக்கிறாவோ? சீனி கீழ போயிடும். வேர்க்கும், நடுங்கும், மயங்கி விழுந்திடுவா. பக்கத்தில ஆர் இருக்கினம்?"
ஒருவரும் இல்லை.
"தண்ணியை நிப்பாட்டச் சொல்லும். குளிசையை இல்லை."
போன் கடை. மூன்று தரம் முயன்றேன். "வடக்கு லைன் முழுக்கச் செத்துப்போச்சு தங்கச்சி."
அம்மா கதவை உள்ளே பூட்டிக்கொண்டு படுப்பவர்.
நினைவு வந்தால் மட்டும் குடித்தவர். ஆறு மணி என்றது நான்.

நவ. 28
ஆறு மணி. குடிக்கவில்லை. அங்கே குடித்திருப்பார்.
ஒரே கடிதம், மூன்று பிரதி: 'அம்மா, குவளைத் தண்ணி வேண்டாம். குளிசையை விடாதேங்கோ. வேர்த்து நடுங்கினா உடனே சீனி. ஆறு மணிக்கு வெறும் தேத்தண்ணி குடியுங்கோ, நானும் அதுதான்.'
ஒன்று தபாலில். ஒன்று கையிருப்பு. ஒன்று கொட்டாஞ்சேனைக் கன்னியர் மடத்தில் ஒரு சிஸ்டரிடம் கொடுக்க. வெள்ளிக்கிழமைக் கப்பலில் போகிறாராம்.
கந்தோருக்கு லீவு சொன்னேன். குவளையைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கொட்டாஞ்சேனை பஸ் ஏறினேன்.