தினேஷைப் பார்க்கப் போயிருந்தேன்

நாளைக்கு ஆடிப் பதினெட்டு. விழுப்புரம் மார்க்கெட்டில் மஞ்சள் கயிறு கொத்துக்கொத்தாகத் தொங்குகிறது. அந்த வாசம் மூக்கில் ஏறியதும் என் கை தானாகக் கழுத்துக்குப் போனது. "உனக்கு எத்தினிம்மா?" என்றாள் கடைக்காரி. ஒன்றும் வேண்டாம் என்று நடந்தேன். உன் நினைப்புதான் வீடு வரைக்கும் கூடவே வந்தது.

திண்டிவனத்தில் அந்தச் சிறப்புப் பள்ளி வாசலில்தான் நீ எனக்குக் கிடைத்தாய். உன் தினேஷுக்கும் என் பிரபுவுக்கும் ஆட்டிசம். அப்போது இரண்டும் பொடிப் பையன்கள், அடித்தாலும் பொறுத்துக்கொள்ளலாம். மீசை முளைத்த பிறகு அடி அடியாகவே விழுந்தது. மத்தியானம் போன் செய்வாய். "இன்னாடி, இன்னிக்குப் பூசை ஆச்சா?" என்பாய். உதடு கிழிந்திருந்தாலும் சிரித்துவிடுவேன். வேறு யாராவது அப்படிக் கேட்டிருந்தால் போனைத் தூக்கி எறிந்திருப்பேன்.

ஒரு ஆடிப் பதினெட்டுக்கு எல்லாரையும் போல நானும் தாலிக்குப் புதுக் கயிறு மாற்றினேன். மறுநாள் கரண்ட் போனது. ஃபேன் நின்றால் பிரபுவுக்கு ஆகாது. சமாதானம் சொல்லிக்கொண்டே கிட்டப் போனேன். கயிற்றைப் பிடித்து முறுக்கினான். பழைய கயிறாக இருந்தால் அறுந்திருக்கும். புதுசு அறவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது. கொல்லையிலிருந்து ஓடிவந்த என் வீட்டுக்காரர் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டார்.

விஷயம் தெரிந்து மறுநாளே பஸ் ஏறி வந்தாய். முந்தானையை விலக்கிக் காட்டினாய். உன் கழுத்தில் ஒன்றும் இல்லை. தாலி சாமி படத்தில் தொங்குகிறது என்றாய்.

"அவன் புடிக்கறது கயித்தடி, உன்ன இல்ல. புடிக்க ஒண்ணும் இல்லாம பண்ணிக்கோ. அவன் எகிறும்போது வாயத் தொறக்காத, செவுத்தோரமா உக்காந்துடு."

அன்றைக்கே என் தலைமுடியையும் கத்தரித்துவிட்டாய். "புருசன் இருக்கும்போதே வெறுங்கழுத்தா நிக்கறாளே" என்று மாமியார் கத்தினார். "அவ செத்துட்டா நான் இருந்து இன்னா பண்ணப்போறேன்?" என்று இவர் ஒரே கேள்வி கேட்டார். அதோடு வீட்டில் அந்தப் பேச்சு நின்றது.

பஸ் ஏறும்போது நீ சொன்னாய்: "யாரு முன்னாடி போனாலும், இன்னொருத்தி ரெண்டு பேரையும் பாத்துக்கணும்." "ரெண்டு தடியனுங்களையும் நான் ஒண்டியா மேய்க்கறதா? ஆளை வுடு" என்றேன். நீ சிரிக்கவில்லை. சரி என்று தலையாட்டினேன்.

நீ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது நெஞ்சு வலி வந்து விழுந்தாய். உங்கள் தெருவில் "புள்ள அடிச்சே கொன்னுட்டான்" என்று பேசினார்கள். சாவு வீட்டிலேயே அவர்களோடு சண்டை போட்டேன். உன் வீட்டுக்காரர் கொஞ்ச நாள் தனியாகப் பார்த்துக்கொண்டார், பாவம். அப்புறம் ஊருக்கு வெளியே ஒரு காப்பகத்தில் தினேஷை விட்டுவிட்டார்.

அதே காப்பகத்தில் இப்போது பிரபுவுக்கும் என் அண்ணன் இடம் கேட்டு வைத்திருக்கிறார். "நீ உயிரோட இருக்கணுமா வேணாமா?" என்கிறார். தப்பாகச் சொல்லவில்லை. எனக்கும் வயசாகிறது. இடத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று போன வாரம் போனேன். என் வீட்டுக்காரர் வேலைக்குப் போகாமல் பிரபுவோடு இருந்தார்.

இடம் சுத்தமாக இருந்தது. பார்த்துக்கொள்ளும் அம்மா, "தினேஷா? இப்ப யாரையும் அடிக்கறதில்லம்மா. ரொம்ப சமத்து" என்றாள். சுவரோரம் உட்கார்ந்திருந்தான். வாயில் எச்சில் வழிந்தது. எதைப் பார்த்தாலும் தட்டித் தாளம் போடுவானே, அந்தக் கை மடியில் கிடந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அதைத் தூக்கினேன். விட்டதும் விழுந்தது. என் கன்னத்தில் வைத்து, "அடிடா" என்றேன். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை.

அவன் அடங்கியிருக்கக் கொடுக்கிற மாத்திரையைக் குறைக்கச் சொல்லலாமே என்று கேட்டேன். "கொறச்சா யாரும்மா புடிக்கறது?" என்றாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. கூட்டிக்கொண்டு வரவும் தெம்பில்லை. உனக்குத் தலையாட்டியதை என்னால் செய்ய முடியாதுடி. பஸ்ஸில் வாய்விட்டு அழுதேன்.

பகல் முழுக்க நான் இல்லாத கோபம் பிரபுவுக்கு. வாசலில் கால் வைத்ததும் தோளில் ஒரு குத்து விட்டான். பேசாமல் சுவரோரம் உட்கார்ந்தேன். உயிர் போகிற வலி. அந்த வலியோடே, ஐயோ, இவன் கையில் இன்னும் பலம் இருக்கிறதே என்று ஒரு ஆறுதல் வந்தது. இதை வெளியில் சொன்னால் பைத்தியம் என்பார்கள். உன்னிடம் சொல்லலாம்.

அண்ணனிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு வாரமாகியும் தோள் கறுத்துத்தான் இருக்கிறது. தலை சீவக் கை தூக்க முடியவில்லை. நானும் போய்விட்டால் பிரபுவின் கையும் அப்படித்தான் மடியில் கிடக்கும், எனக்குத் தெரியாதா. அதுவரைக்கும் அடிக்கட்டும்.