கேப்பைக் கஞ்சிக்கு 183

ஜூலை 3, வியாழன்
விடாத மழை. சந்தில் கணுக்கால் அளவு தண்ணீர். ஏழாம் மாதத்தில் எனக்குச் சர்க்கரையாம். ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் தவணை. சாப்பாட்டால் அடங்காவிட்டால் இன்சுலின். விரலில் குத்திப் பார்க்க ஒரு சுகர் மிஷினும், எழுத ஒரு நோட்டும் கொடுத்தார்கள். வெ.வ., அதாவது வெறும் வயிறு, 95க்குக் கீழே. சா.பி., சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, 120க்குக் கீழே.

டயட்டீஷியன், பக்கத்திலுள்ள மாட்டுங்காவிலிருந்து வரும் தமிழம்மா. "கிளைசீமிக் இண்டெக்ஸ்னா, சாப்பிட்டது எவ்ளோ வேகமா ரத்தத்துல சர்க்கரையா ஏறறதுன்னு கணக்கு. குளுக்கோஸ் நூறு. பயறு, சுண்டல் எல்லாம் மெதுவா ஏறும்."

வேகம்: வெள்ளைச் சோறு, பாவ் ரொட்டி, உருளைக்கிழங்கு. மெது: கொண்டைக்கடலை, தட்டப்பயறு. கேப்பை பற்றிக் கேட்க மறந்துவிட்டேன்.

போன தடவை வயிற்றிலிருந்தது ஆறாம் மாதத்திலேயே போயிற்று. ஏனென்று யாரும் சொல்லவில்லை.

ஜூலை 4, வெள்ளி
வெ.வ. 101. அத்தை கேப்பைக் கஞ்சி காய்ச்சினார். சர்க்கரைக்காரர்கள் குடிப்பதுதானே என்று இரண்டு தம்ளர். சா.பி. 183. இன்னொரு விரலில் குத்தினேன். 179.

"என்னத்தப் போட்டிய அத்த?"

"சீனியா போட்டேன்? ஒரு துண்டு கருப்பட்டிதானட்டி. ஒடம்புக்கு நல்லது."

மாட்டுங்கா அம்மாவுக்குப் போன். நைசாக அரைத்த மாவு, தண்ணியாகக் கஞ்சி, அதில் இனிப்பு. ஓடித்தான் ஏறுமாம். அத்தை மேல் கோபம் வரவில்லை. போன தடவை மூன்று நாள் என் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தவர்.

ஜூலை 6, ஞாயிறு
இவருக்கு லீவு. "நானும் கூடக் குத்திக்கிடுதேன்" என்றார். ஆளுக்கு மூன்று இட்லி, சாம்பார். அவருக்கு 104. எனக்கு 141.

"ஒரே சட்டி, ஒரே இட்லி. எனக்கு மட்டும் ஏன்?" கத்திவிட்டேன். விரலைச் சப்பிக்கொண்டு நின்றார், பாவம்.

மதியம்: முதலில் வெண்டைக்காய், தட்டப்பயறு. கடைசியில் ஒரு கரண்டி சோறு. பிறகு குடைக்குள் இரண்டு பேரும் மெயின் ரோடு வரை நடை. 117! அதே அரிசிதான். அளவு வேறு, கூடச் சேர்ந்தது வேறு.

ஜூலை 7, திங்கள்
பை தைக்கும் பட்டறையில் இரண்டு பைகளுக்கு லைனிங்கைத் தலைகீழாகத் தைத்தேன். பிரித்தேன். சா.பி. மூன்று வேளையும் சரி. வெ.வ. மட்டும் 103. நேற்று இரவு வெறும் சுண்டல்தான். நான் என்ன தப்பு செய்கிறேன்?

ஜூலை 8, செவ்வாய்
நேற்று இரவு சாப்பிடவில்லை. வெ.வ. 104. கூடியிருக்கிறது! தலை கிறுகிறுப்பு. நோட்டில் 92 என்று எழுதினேன். அதன் பிறகு உட்கார முடியவில்லை. தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் தேய்த்தேன்.

ஜூலை 9, புதன்
மறுபடி பட்டினி. 102. எழுதியது 90. வயிற்றில் அசைவு குறைவோ? எண்ணினேன். பத்து. பத்து இருந்தால் போதும் என்பார்கள். நம்பிக்கையில்லாமல் மறுபடி எண்ணினேன். இவர் நோட்டைப் பார்த்துவிட்டு, "பாஸாயிட்ட!" என்றார். அத்தை அதை ஊருக்கெல்லாம் போனில் சொல்கிறார்.

ஜூலை 10, வியாழன்
ஆஸ்பத்திரி. எடை ஒரு கிலோ குறைவு. சிறுநீரில் கீட்டோன். பட்டினி கிடந்தால் வருவதாம். மாட்டுங்கா அம்மா நோட்டைப் புரட்டினார்.

"நம்பரெல்லாம் நன்னா இருக்கே. எடை ஏன் எறங்கறது? சாப்பிடறேளா?"

பக்கத்தில் இவர். பையிலிருந்து சுகர் மிஷினை எடுத்து மேசையில் வைத்தேன். "இதுல இருக்கதுதான் நெசம். நோட்டுல காலைக்கு எழுதுனது பொய்."

திட்டுவார் என்று நினைத்தேன். மிஷினைப் பார்த்துப் பார்த்து நோட்டில் அடித்து எழுதினார். "சாப்பாட்டுக்கு அப்பறம் வர்றதை நீங்க அடக்கிட்டேள். கார்த்தால வர்றது தட்டுலேர்ந்து வரலைம்மா. நஞ்சுக்கொடி சுரக்கற ஹார்மோனால ராத்திரி ஈரல் சர்க்கரையை விடறது. அதுக்கு இன்சுலின்தான். பட்டினி வேண்டவே வேண்டாம்."

தப்பு என் மேல் இல்லையா? இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் இல்லை என்றார். தினம் படுக்கும் முன் ஊசி. டாக்டர் எழுதிக்கொடுத்தார்.

பஸ் ஸ்டாப்பில் இவர்: "எங்கிட்டயாவது சொல்லிருக்கலாம்லா?"

"நீங்க அவ்வளவு சந்தோசப்பட்டீங்க."

இறங்கி வீட்டுக்கு நடந்தோம். குடை முழுக்க என் பக்கம். அவர் தோள் நனைந்துகொண்டே வந்தது.

ஜூலை 11, வெள்ளி
மழை விட்டிருக்கிறது. ஊசி எறும்புக் கடி அளவுதான். நேற்று இரவு சப்பாத்தி ஒன்று, பயறு, நிம்மதியாக. வெ.வ. 97. நோட்டிலும் 97.

"எத்தன காட்டுது?" அத்தை.

சொன்னேன்.

"அப்ப, தொண்ணூறுன்னு சொன்னது?"

அதையும் சொன்னேன். அடுப்பைப் பற்றவைத்தார்.

"முட்டைய அவிக்கவா, பொரிக்கவா?"

பொரிக்கச் சொன்னேன்.