வார்ட் மேனேஜருக்கு அப்பா எடுத்த போன்

அப்பா,

சோறும் கத்தரிக்காய்க் கறியும் ஃப்ரிட்ஜில் இருக்கின்றன. சுகர் பார்த்துவிட்டுச் சாப்பிடுங்கள். மற்றச் சாவி பக்கத்து வீட்டு சுலோச்சனா அன்ரியிடம்.

நான் லண்டனை விட்டு ஸ்கொட்லாந்தில் இருக்கும் அபர்டீனுக்குப் போகிறேன். இனி நான் ஏஜென்சி நேர்ஸ். ஊர் ஊராகப் போய்ச் சில மாதங்கள் வேலை செய்வேன். நானே தேடி எடுத்த வேலை இது. நீங்களோ இதை இடமாற்றம் என்று நினைத்து, என் பழைய வார்ட் மேனேஜருக்குப் போன் எடுத்து, "பிள்ளையைத் தூரத்துக்கு மாத்திப்போடாதேங்கோ" என்று கெஞ்சியிருக்கிறீர்கள். எம்.பி.யைப் பிடித்து இடமாற்றத்தை நிறுத்த இது என்ன யாழ்ப்பாணத்து அரசாங்கக் கச்சேரி அலுவலகமா? அந்த மனுசி என்னிடம், "வீட்டில் ஏதும் பிரச்சினையா?" என்று கேட்கிறா. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் எடுத்தவள் நான். எனக்காக ஒருவரும் கெஞ்ச வேண்டாம்.

கோபம் ஆறவில்லை. ஆனாலும் என் பெட்டிக்குள் நீங்கள் வைத்த கம்பளிக் காலுறைகளைக் கண்டேன். கொண்டுபோகிறேன்.

தர்மிகா

பி.கு.: மனோர் பார்க் கோயிலில் யாரும் கேட்டால், "மாத்திப்போட்டாங்கள்" என்று சொல்லாதீர்கள். "அவள் தானே விரும்பிப் போனவள்" என்று சொல்லுங்கள். இரவு போன் எடுப்பேன். கோயிலில் சொல்ல முதல் அதை எனக்கு ஒருக்கா சொல்லிக் காட்டுங்கள்.