ரோசரி நின்ற சுவர்

12-4-1978
முன்அறைச் சுவரில் பெயிண்டர் பிச்சமுத்து இரண்டு நிறத்தில் டிஸ்டம்பர் பூசிக் காட்டிவிட்டுப் போனார். ஒன்று வெளிர் மஞ்சள், பக்கத்திலேயே அடர் நீலம். "மஞ்சளே இருக்கட்டும்மா. இருக்குறது ஒத்த ஜன்னல். நீலம் அடிச்சா பகல்லயே லைட் போடணும்" என்றார். தங்கச்சி ரோசரிக்கும் மஞ்சள்தான் ஆசை. அப்பா வழக்கம்போல, "லூர்து சொல்றபடி செய்ங்க" என்று ஒதுங்கிக்கொண்டார். கல்யாணமாகி எதிர்த் தெருவில் இருந்தாலும், அம்மா போனதிலிருந்து இந்த வீட்டில் நான் வைத்ததுதான் சட்டம்.

வருகிற 23ஆம் தேதி ரோசரியைப் பெண் பார்க்க மணப்பாறையிலிருந்து வருகிறார்கள்.

13-4
இன்று அவளை இரண்டு பூச்சுக்கும் முன்னால் மாற்றி மாற்றி நிற்கவைத்துப் பார்த்தேன். மஞ்சளுக்கு முன்னால் இன்னும் கறுப்பாகத் தெரிந்தாள். நீலத்துக்கு முன்னால் கொஞ்சம் நிறமாக.

"எதுக்குக்கா?"

"புடவைக்கு எது எடுப்பா இருக்குன்னு பாக்குறேன்டி."

மாதா படத்துக்குக் கீழேயே நின்றுகொண்டு, வாய் கூசாமல் பொய் சொன்னேன்.

15-4
நீலமே சொல்லிவிட்டேன்.

18-4
இரண்டு கோட் முடிந்தது. அறை கிணற்றுக்குள் இருப்பதுபோல இருக்கிறது. அப்பா பேப்பரைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். அவள் நாற்காலியை எங்கே போடுவது என்று காட்டினேன். "இந்தச் சுவரு ஓரமாவாக்கா?" என்று மட்டும் கேட்டாள். தெரிந்துவிட்டதா? தெரியாமல் இருக்குமா? அவள் நல்லதுக்குத்தானே செய்தேன் — போன வருஷம் வந்த இரண்டு இடமும் நிறத்தைச் சொல்லித்தானே தட்டிப்போனது? அப்புறம் ஏன் அவள் முகத்தைப் பார்க்காமல் நாற்காலியைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்?

23-4, ஞாயிறு
பூசை முடிந்ததும் வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை பிலோமின்ராஜ், அவர் அம்மா பாக்கியமேரி. காபித் தட்டோடு வந்த ரோசரி, நான் போட்டுவைத்த நாற்காலியில் உட்காரவே இல்லை. "உள்ள இருட்டா இருக்குங்க. வாங்க, முத்தத்துல உக்காரலாம்" என்று அந்த அம்மாவைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டாள். சித்திரை வெயில் நேராக அவள் முகத்தில். ஐயோ, காரியத்தையே கெடுத்துட்டாளே, பாவி மக!

26-4
சம்மதம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்பா மெழுகுவத்தி வாங்கிக்கொண்டு கோயிலுக்கு ஓடினார். நான் ரோசரியைக் கட்டிக்கொண்டு, "அவங்களுக்கு உன்னை ரொம்பப் புடிச்சிருக்காம்டி" என்றேன்.

"அவங்களுக்குப் புடிச்சிருக்குக்கா" என்றாள். "உனக்குத்தான் என்னைப் புடிக்கலை."

குரலில் கோபம்கூட இல்லை.