கையெழுத்தில்லாத கேத்தல்

கொலுப்படிக்கு வண்ணத்தாள் ஒட்ட இன்று காலை மைதாப் பசை காய்ச்சினேன். மாவு வெந்து கண்ணாடிபோல் பளபளக்கும் நேரத்தில் ஒரு மணம் வருமே, அது வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். தாள் காத்திருக்கட்டும். உங்களிடம் பேசாமல் இரண்டு வருடம் இருந்ததே பெரிய காரியம்.

நாம் முதலில் சந்தித்தது இங்கே ஆக்லாந்தில், பக்குரங்கா சமுதாயக் கூடத்தில், சனிக்கிழமை காலை வகுப்பில். நவீன ஓவியம், ஆறு வாரம். மகள் படிக்க வெலிங்டன் போய்விட்டாள், மென்பொருள் அலுவலகத்தை விட்டால் வீட்டில் நான் மட்டும் என்று ஆனபோது, எதிலாவது சேர வேண்டும் என்று சேர்ந்தேன். நீங்கள் ஊருக்குத் தெற்கே புக்கெகோஹியில் காய்கறி பேக்கிங் ஷெட்டில் விடிகாலை ஷிஃப்டை முடித்துவிட்டு நேரே வந்திருந்தீர்கள். நகத்தடியில் செம்மண். வகுப்பில் தமிழர் நாம் இருவர்தான். ஒரே வயது. நீங்கள் என்னை 'நீர்' என்று அழைத்ததும் திகைத்துப் போனேன். தமிழ்நாட்டில் அந்தச் சொல்லைப் பழைய பாட்டில்தான் கேட்டிருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் அது தோழமைக்கு உரிய சொல் என்று அப்புறம் தெரிந்தது.

இரண்டாவது வாரம் ஆசிரியை ஒரு படத்தைத் திரையில் போட்டார். பழுப்பும் சாம்பலுமாகச் சில்லுச் சில்லாக ஒரு பெண். வகுப்பே சிரித்தது. கீழே விழுந்து உடைந்த கண்ணாடியை யாரோ அவசரமாக ஒட்டியதுபோல் இருக்கிறது என்று நானும் சொல்லிச் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. எழுந்து போய், ஆசிரியையிடம் பேனா கேட்டு வாங்கி, பலகையில் ஒரு வீட்டை வரைந்தீர்கள். மேலிருந்து பார்த்தால் ஒன்று, முன்னாலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, குறுக்கே வெட்டினால் உள்ளே எப்படி என்று ஒன்று. அளவுகோல் இல்லாமல் அத்தனை நேரான கோடுகளை நான் பார்த்ததில்லை. பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னீர்கள்:

"இது நாலு வீடில்லை. ஒரே வீடு. ஒன்பது வருசம் இதைத்தான் நாளாந்தம் கீறினனான். இந்தப் படம் கீறினவை நாலையும் ஒன்றுக்கு மேல ஒன்றாக் கீறியிருக்கினம், அவ்வளவுதான்."

அதை நான் ஆங்கிலத்தில் சொன்னதும் சிரிப்பு நின்றது. எனக்கு அந்தப் பெண்ணின் மூக்கு பக்கவாட்டிலும் கண் நேராகவும் இருந்ததன் காரணம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. அன்றுதான் உங்களைப் பற்றியும் தெரிந்தது: யாழ்ப்பாணத்தில் கட்டடப் படவரைஞராக இருந்தீர்கள், யுத்தத்தில் எல்லாம் விட்டு வந்தீர்கள், அந்தச் சான்றிதழ் இங்கே செல்லாது என்றார்கள், அதனால் பதினொரு வருடமாகக் கேரட்டும் வெங்காயமும் பொதி செய்கிறீர்கள்.

அதற்குப் பிறகு நமக்கு வந்த வெறியை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. வகுப்பு முடிந்தால் என் வீட்டுச் சமையலறை மேசையில் மறுபடியும் வகுப்பு. பிரான்சின் தெற்கே ஒரு கிழவர் ஒரே மலையைத் திரும்பத் திரும்ப வரைந்ததும், அவருடைய ஆப்பிள்கள் மேசையிலிருந்து உருண்டு விழுவதுபோல் சாய்ந்திருப்பதும் நமக்குச் சொந்த ஊர்க் கதை ஆயின. அவர் இறந்த பிறகு பாரிஸில் அந்தப் படங்களைப் பார்த்து இளைஞர்கள் கிறுகிறுத்துப் போனார்கள். அவர்களில் ஒருவர் ஸ்பெயினிலிருந்து வந்தவர். ஆப்பிரிக்க முகமூடிகளைப் பார்த்தபின் அவர் வரைந்த பெண்களின் முகங்கள் கோடரியால் செதுக்கியவைபோல் இருந்தன. நண்பர்களே முகம் சுளித்தார்கள். இன்னொருவர் பிரெஞ்சுக்காரர். அவர் வரைந்த வீடுகளைப் பார்த்து, எல்லாம் வெறும் கனசதுரம் என்று ஒருவர் கிண்டல் செய்யப்போக, அந்தக் கேலியே கியூபிசம் என்று பெயராக ஒட்டிக்கொண்டது.

அந்தப் பிரெஞ்சுக்காரர் வீடுகளுக்குச் சாயம் பூசும் தொழில் கற்றவர் என்று ஆசிரியை சொன்னபோது நீங்கள் என் கையைப் பிடித்து நசுக்கினீர்கள். மரம்போல் அச்சடித்த சுவர்த்தாளைக் கடையில் வாங்கி, வெட்டிப் படத்தில் ஒட்டியவர் அவர். கைத்தொழிலை ஒளிக்காமல் ஓவியத்துக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார் என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

நாமும் ஒன்று ஒட்டினோம். வகுப்பு முடிந்ததும் பக்கத்து நூலகத்தில் கண்காட்சி வைப்பதாக இருந்தது. வெங்காய அட்டைப்பெட்டி, நாட்காட்டித் தாள், நான் காய்ச்சிய மைதாப் பசை, உங்கள் கரிக்கோடு. நடுவில் என் வீட்டில் தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டில், உங்கள் பேச்சில் கேத்தல்: மேலிருந்து அதன் மூடி, பக்கத்திலிருந்து மூக்கு, குறுக்கே வெட்டி உள்ளே தண்ணீர். அந்த ஸ்பெயின்காரரும் பிரெஞ்சுக்காரரும் இணைபிரியா நண்பர்களாக இருந்தபோது சில காலம் படத்தின் முன்பக்கம் பெயர் எழுதவில்லை. எது யாருடையது என்று தெரியவே கூடாது என்றிருந்தார்கள். நாமும் அப்படியே என்று ஒப்பந்தம் போட்டோம். யார் கேட்டாலும் இருவரும் செய்தது, அவ்வளவுதான்.

ஆறாவது வாரம் உங்களால் வர முடியவில்லை. வெங்காய அறுவடை, கூடுதல் ஷிஃப்ட். அன்று ஆசிரியை சொன்னதை நான் உங்களுக்குச் சொல்லாமல் மறைத்தேன். முதல் உலகப் போர் வந்தது, பிரெஞ்சுக்காரர் போர்முனைக்குப் போனார், தலையில் காயம்பட்டார், பிழைத்தார். ஆனால் அந்த நட்பு பழையபடி ஒட்டவே இல்லை. இதை உங்களிடம் எப்படிச் சொல்வது?

கண்காட்சியில் ஒருவர் நம் கேத்தலுக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். சமையலறை அலமாரிகள் செய்யும் சிறு பட்டறை அவருடையது. கரிக்கோடுகளை மூக்கு உரசும்படி பார்த்துவிட்டு, இந்தக் கோடு யாருடைய கை என்று கேட்டார். இருவருடைய கையும்தான் என்று நீங்கள் சொன்னீர்கள். அவர் தலையாட்டிவிட்டு நகர்ந்தார். நாலடி போயிருப்பார். என்னால் பொறுக்க முடியவில்லை. பின்னாலேயே ஓடிப்போய், பசை மட்டும்தான் என்னுடையது, கோடு முழுக்க அவங்களுடையது, ஒன்பது வருடம் கட்டடம் வரைந்தவங்க என்று மூச்சுவிடாமல் சொல்லி, உங்கள் போன் எண்ணையும் கொடுத்தேன்.

உங்களைக் காரில் கொண்டுபோய் விட்டேன். இறங்கும்போதுதான் சொன்னீர்கள்.

"ஒப்பந்தத்தை முறிச்சுப்போட்டீர்."

"ஆமா, முறிச்சேன். மறுபடி கேட்டாலும் முறிப்பேன்."

கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனீர்கள். அறைந்திருந்தால்கூடத் தேவலை. மூன்று வாரம் போன் இல்லை. அந்த ஓவியர்களைப் பிரிக்க ஒரு உலகப் போர் வேண்டியிருந்தது, நம்மைப் பிரிக்க என் வாய் போதும் என்று நினைத்து நினைத்துக் குமைந்தேன். நான்காவது வாரம் வேலை நடுவே போன் அடித்தது. வணக்கம்கூட இல்லை. "திங்கட்கிழமை பட்டறைக்கு வரட்டாம். கீறுற வேலை" என்றீர்கள்.  நான் அலுவலகத்தில் நாற்காலியிலிருந்து எழுந்து குதித்தேன். பக்கத்து மேசைக்காரர்கள் எனக்கு லாட்டரி விழுந்ததென்று நினைத்தார்கள்.

நான்கு வருடம் அந்தப் பட்டறையில் வரைந்தீர்கள். கிழக்கு ஆக்லாந்தில் எத்தனையோ வீட்டுச் சமையலறைகள் உங்கள் தாளில்தான் முதலில் நின்றன. பிறகு நோய் வந்தது. அதைப் பற்றி எழுதி இந்தக் கடிதத்தை நிரப்பமாட்டேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம், ஆறாம் வார வகுப்பில் ஆசிரியை என்ன சொன்னார் என்று கேட்டீர்கள். என் முகத்தைப் பார்த்ததும் உங்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் எப்போதோ நூலகத்தில் அந்தக் கதையை எடுத்துப் படித்திருந்தீர்கள்.

"சண்டை வந்து ஆக்கள் பிரிஞ்ச கதை எனக்கென்ன புதிசோ? அதை விடும். அதுக்குப் பிறகும் ரெண்டு பேரும் கீறினவையோ? அதைச் சொல்லும்."

"வரைஞ்சாங்க. ஆளுக்கு ஒரு வழியா, வயசாகி முடியாம போறவரைக்கும்."

"அது காணும்" என்று, அவ்வளவு போதும் என்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

நீங்கள் இறந்துபோன அந்த வாரமே கரிக்கோல் வாங்கிவிட்டேன். முதல் வருடம் நான் வரைந்தவற்றை நல்லவேளை நீங்கள் பார்க்கவில்லை. பசை காய்ச்சுவதோடு நின்றிருக்கலாமே என்று மகள் ஆங்கிலத்தில் கேலி செய்தாள். விடவில்லை. போன சனிக்கிழமை ஜன்னலோரம் ஒரு பூசணிக்காயை வைத்து வரைந்தேன். அதன் காம்பும், வயிறும், உள்ளே விதை கிடக்கும் குழியும் ஒரே தாளில், ஒன்றையொன்று இடிக்காமல் வந்து உட்கார்ந்தன. இரண்டு மணி நேரம் நாற்காலியை விட்டு எழவில்லை. முடிந்ததும் தாளைத் தூக்கிப்பிடித்துப் பார்த்தேன். கோடு இன்னும் கோணல்தான். ஆனால் கை நடுங்கவில்லை.