மூடுவதற்கு முன் கேட்கவும்

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். அடுத்தவர் புகாரைப் படக்கென்று மூடிவிட்டால் தூக்கம் நன்றாகத்தான் வரும்.

எங்கள் ஆஸ்பத்திரி சர்வரைப் பற்றி உங்கள் கம்பெனிக்கு அனுப்பிய புகார் இன்று திரும்பி வந்தது. "போதிய விவரம் இல்லை. மூடப்படுகிறது." கீழே இருந்த பெயரைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் கூடப் பிறந்தவன்! அத்தனை பேர் வேலை பார்க்கும் இடத்தில் என் புகாருக்குப் பூட்டுப் போட நீதான் கிடைத்தாயா?

லேபில் சோதித்த முடிவெல்லாம் உங்கள் சாஃப்ட்வேர் வழியாகத்தான் டாக்டர்களுக்குப் போகிறது. மதியமானால் மெமரி நிரம்பி, சர்வர் திணறுகிறது. டாக்டர் என் கதவில் வந்து நின்று, "என்னம்மா, மறுபடியும் படுத்துடுச்சா?" என்கிறார், ஏதோ நான்தான் தாலாட்டுப் பாடித் தூங்க வைத்த மாதிரி. ரீஸ்டார்ட் செய்கிறேன், எழுந்துகொள்கிறது. மறுநாள் அதே கூத்து. நீங்கள் சொன்னபடி மெமரியும் கூட்டியாயிற்று. முன்பு மதியம் விழுந்தது, இப்போது சாயங்காலம் விழுகிறது.

என் கழுத்தில் ஒரு கட்டி இருக்கிறது என்றேனே, நேற்று எங்கள் லேபிலேயே ஊசியால் எடுத்துச் சோதனைக்கு வைத்திருக்கிறார்கள். ஏதாவது இருந்தால் கூப்பிடுவார்கள். நீ சர்வரைப் பற்றிக் கவலைப்படு, போதும்.

உன் அக்கா

மார்ச் 5

அன்புள்ள அக்காவுக்கு,

கோபம் இறங்கிய பிறகு படி. புகாரில் 'கணினிப் பிரிவு' என்றுதான் இருந்தது. அது நீ என்று தெரிந்திருந்தால் பயத்திலேயே மூடியிருக்க மாட்டேன்.

ஆனால் நீ எழுதியது என்ன? "சர்வர் மறுபடியும் படுத்துவிட்டது. உடனே கவனிக்கவும்." இதை வைத்துக்கொண்டு நான் என்ன, குறியா சொல்ல முடியும்? "வலிக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவருக்கு உங்கள் டாக்டர் மருந்து எழுதுவாரா?

எந்த வெர்ஷன், எப்போது ஆரம்பித்தது, அதற்கு முன் எதை மாற்றினீர்கள், எதைச் செய்தால் மெமரி ஏறுகிறது, ஏறியது இறங்குகிறதா, இதையெல்லாம் சொல். முக்கியமாக, விழுந்த கையோடு ரீஸ்டார்ட் செய்யாதே. திருட்டுப் போன வீட்டைக் கூட்டிப் பெருக்கிவிட்டுப் போலீசைக் கூப்பிடுகிற மாதிரி அது. முதலில் மெமரியில் இருப்பதை அப்படியே நகல் எடு, பிறகு எழுப்பு. அதில் நோயாளிகள் விவரமும் இருக்கும். மேலிடத்தில் அனுமதி வாங்கி, எங்கள் பாதுகாப்பான தளத்தில் மட்டும் ஏற்று.

கட்டிக்கு இரண்டு வரி, சர்வருக்கு ஒரு பக்கம். நன்றாக இருக்கிறது உன் நியாயம்.

உன் தம்பி

மார்ச் 10

அன்புள்ள தம்பிக்கு,

நீ சொன்னபடியே செய்தேன். ஜனவரியில் புது வெர்ஷன் போட்டதிலிருந்துதான் இந்தத் தொல்லை. வெறும் எழுத்தாக வரும் முடிவுகளால் ஒன்றும் ஆவதில்லை. மைக்ரோஸ்கோப் படம் இணைத்த முடிவு வந்தால் மட்டும் மெமரி ஏறுகிறது, ஏறியது இறங்குவதே இல்லை. சும்மா கிடந்த இன்னொரு மெஷினில் ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்தேன். அதுவும் விழுந்தது! கைதட்ட வேண்டும் போலிருந்தது, என்னைக் கூட்டிப் போக வந்திருந்த உன் மாமா ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

நேற்று விழுந்தபோது நகல் எடுத்து, அனுமதி வாங்கி ஏற்றிவிட்டேன். அதற்குப் பிறகுதான் ரீஸ்டார்ட். இப்போது சொல், போதிய விவரம் இருக்கிறதா?

கழுத்துச் சோதனைக்கு யாரும் கூப்பிடவில்லை. ஒன்றும் இருக்காது. விட்டுத் தள்ளு.

உன் அக்கா

மார்ச் 21

அக்கா,

உட்கார்ந்து படி. என்னால் உட்கார முடியவில்லை. காலையிலிருந்து கூப்பிடுகிறேன், சர்வர் அறையில் சிக்னல் இல்லாமல் எங்கேயோ இருக்கிறாய். மாமாவிடம், "அக்காவை உடனே பேசச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னேன். காரணம் சொல்ல வாய் வரவில்லை.

வேலை நெருக்கடியில் உன் நகலை இன்றுதான் திறந்தேன். நீ கண்டுபிடித்தது சரி. அனுப்பி முடித்த படங்களை எங்கள் சாஃப்ட்வேர் விடுவதே இல்லை. மெமரி நிரம்பியதும், அடுத்து வரும் முடிவுகளை வாங்கிக்கொண்டேன் என்று லேபுக்குத் தலையாட்டிவிட்டு, டாக்டருக்குக் கொடுக்காமல் வைத்துக்கொள்கிறது. ரீஸ்டார்ட் செய்தால் அவை சுவடே இல்லாமல் போய்விடும்.

எவையெல்லாம் தேங்கியிருக்கின்றன என்று பார்த்தேன். அதில் உன் பெயர்.

இன்னொருவருடைய விவரத்தை நான் படிக்கக் கூடாது. படித்துவிட்டேன். நம்ப முடியாமல் மறுபடியும் படித்தேன். அது சாதாரணக் கட்டி இல்லை, அக்கா. உன்னை யாரும் கூப்பிடாததற்குக் காரணம், அந்த முடிவு யாரிடமும் போய்ச் சேரவில்லை.

இதைப் பார்த்த கையோடு எழுந்து டாக்டரிடம் போ. முடிவு தேங்கிப்போன மற்றவர்களுக்கும் சொல். நான் இரவு வண்டி ஏறுகிறேன்.

உன் தம்பி

மார்ச் 22

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் சர்வர் அறைக் கணினியில் வந்து விழுந்தபோது அங்கேதான் இருந்தேன். என்னைப் பற்றி நினைக்கவில்லை என்றால் பொய். என்னைத்தான் நினைத்தேன், என் பாப்பாவை நினைத்தேன். பிறகுதான் மற்றவர்கள் நினைவுக்கு வந்தார்கள். தினமும் கெட்டிக்காரத்தனமாக எழுப்பி எழுப்பி எத்தனை பேர் முடிவை என் கையாலேயே துடைத்தேனோ!

லேபுக்கு ஓடினேன். "அனுப்பியாச்சுன்னு பச்சை காட்டுதேம்மா" என்றார்கள். டாக்டரிடம் ஓடினேன். "இன்னும் வரலைன்னுதானே இதுல இருக்கு" என்றார். அவர் கையைப் பிடித்து இழுக்காத குறையாக லேபுக்கு அழைத்து வந்து, இரண்டு திரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். ஜனவரியிலிருந்து வந்த முடிவுகளையெல்லாம் லேபில் திரும்ப எடுத்து, ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். முதலில் கூப்பிடப்பட்டவள் நான்தான், அதுவும் நேரிலேயே.

அடுத்த வாரம் ஆபரேஷன். "பயப்படாதேன்னு சொல்ல மாட்டேன். தாமதமாகலைன்னு மட்டும் சொல்றேன்" என்றார் டாக்டர். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நடமாடுகிறேன்.

உன் மேல் கோபம் இருக்கிறது. முதலில் மூடினாயே என்ற கோபம். ரீஸ்டார்ட் செய்யாதே என்று நீ சொல்லியிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதும் தெரியும். அதனால் கோபத்தை வீட்டுக்கு வந்த பிறகு நேரில் காட்டுகிறேன். இதை வண்டியிலேயே படித்துவிடு, சாப்பிடாமல் வந்து நிற்காதே.

உங்கள் கம்பெனிக்குப் புதிய புகார் அனுப்பியிருக்கிறேன். வெர்ஷன், செய்முறை, நகல் எல்லாம் நீ கேட்ட ஒழுங்கில் இருக்கின்றன. கடைசிப் பகுதியை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

"எதிர்பார்த்தது: சோதனை முடிவு டாக்டருக்குப் போய்ச் சேர வேண்டும். நடந்தது: போய்ச் சேரவில்லை. பாதிக்கப்பட்டவர்கள்: நோயாளிகள். அவர்களில் ஒருவர் கணினிப் பிரிவில் வேலை பார்க்கிறார். இந்தப் புகாரை மூடுவதற்கு முன் அவர் இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளவும்."

உன் அக்கா